தங்கவயலில் சலுகை விலையின் சரித்திரம்

தமிழில் 'தள்ளுபடி' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடியாயிற்று என்றால் மனுதாரரின் முகம் வாடுகிறது. கடையில் விலையில் தள்ளுபடி என்றால் வாங்க வந்தவரின் முகம் மலருகிறது. 'மானியம்' என்னும் சொல்லும் இத்தகையதே. முன்னாளில் கோயிலுக்கோ ஊர் ஊழியருக்கோ வரியின்றி விடப்பட்ட நிலத்தை அது குறித்தது. இந்நாளில், ஒரு பொருளின் விலையில் அரசாங்கம் தான் ஏற்றுக்கொள்ளும் பங்கைக் குறிக்கிறது. 'கழிவு' என்றால் வேண்டாமென்று எறிவதும் ஆகும். விலையிலிருந்து குறைப்பதும் ஆகும். அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் தொழிலில் உள்ள நமக்கு இச்சொற்களின் ஒற்றுமை ஒன்று நன்கு புலப்படுகிறது. மூன்றிலும் ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்கிறார். யார் விட்டுக்கொடுத்தார், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால்தான் சலுகை விலையின் உண்மையான அளவு தெரியும்.

இந்நாளில் வேலைக்குப் போய்வரும் எளியவர்களின் வீடுகளில் அடிக்கடி ஆலோசிக்கப்படும் பொருள், சலுகை விலையில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்பது. பண்டிகைக் காலத்தில் விளம்பரங்கள் பெருகுகின்றன. இன்ன தேதிக்குள் வாங்கினால் இவ்வளவு ஆயிரம் குறையும் என்கிறார்கள். இதை ஆராய்வதற்கு நாம் கடைவீதிக்குப் போவதற்கு முன்னர், கர்நாடக மாநிலத்தில் தமிழர்கள் நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்துவரும் ஓர் ஊருக்குப் போவோம். கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸ் என்பது அவ்வூர். ஏன் அங்கே போகவேண்டும் என்றால், நம் நாட்டில் பெரிய அளவில் மின்சாரத்தை ஒப்பந்தம் பேசி, படிப்படியாகக் குறையும் விலைக்கு, முதன்முதலில் வாங்கிய இடங்களுள் அது ஒன்று.

தங்கவயலில் நவீனச் சுரங்கத் தொழில் நிலைபெற்றது, 1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பொறுப்பேற்ற பின்னரே. அன்றைய வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து உழைப்பாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். மழை பொய்த்த நிலமும், சாதிக் கொடுமை மலிந்த ஊரும் அவர்களைப் பின்னின்று தள்ளின. மாதச் சம்பளம் முன்னின்று இழுத்தது. மூங்கில் தட்டிகளால் ஆன வரிசை வீடுகளில் குடியேறினர். 1894-ம் ஆண்டில் பவுரிங்பேட்டை எனப்பட்ட இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை ரயில்பாதை போடப்பட்டது. சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்னும் நிலையங்கள் அப்பாதையில் அமைந்தவையே.

அக்காலத்தில் சுரங்கத்துக்கு உயிர்நாடி நீராவி. பாறையை இடிக்கும் உலக்கைகள், தண்ணீர் இறைக்கும் பம்புகள், ஆட்களையும் தாதுக்கல்லையும் ஏற்றியிறக்கும் கூண்டுகள் யாவும் நீராவியால் இயங்கின. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்றுப்புறக் காடுகள் அழிந்தன. கரியோ நெடுந்தொலைவிலிருந்து ரயிலில் வரவேண்டும். சுரங்கம் ஆழமாக ஆக, எரிபொருட் செலவும் வளர்ந்தது. ஒரு டன் கல்லில் கிடைக்கும் தங்கம் மிகச் சிறிதளவே என்னும்போது, எரிபொருளின் விலையே லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கும் அல்லவா? இன்று பெட்ரோல் விலையைப் பார்த்துக் கவலையுறும் சிறு உத்தியோகஸ்தரின் நிலையில்தான் அன்று அப்பெருங் கம்பெனிகள் இருந்தன என்று சொல்லலாம்.

இதற்கு விடை காவிரியில் இருந்தது. மைசூர் சமஸ்தானத்தில் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர் கு. சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் 1845-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, கோழிக்கோட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் தொடங்கியவர் அவர். நம் தொழிலில் தொடங்கியவர் ஒருவர் ஒரு சமஸ்தானத்தின் போக்கையே மாற்றினார் என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி உண்டு. சமஸ்தானத்தின் பொறியாளர்களுள் ஒருவரான ஜாலி டி லாட்பினியர் என்னும் ராணுவப் பொறியாளர், சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தைக்கொண்டு மின்சாரம் எடுத்து அதைத் தங்கவயலுக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டமிட்டார். இதில் இருந்த துணிவை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம். அமெரிக்காவின் நயாகராவிலிருந்து பபலோ நகருக்கு 1896-ல் மின்சாரம் போயிற்று. அந்தத் தொலைவு ஏறத்தாழ இருபத்தைந்து மைல். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலோ 92 மைல். இடையில் மேடு, பள்ளம், வெயில், இடி, மழை. அந்நாளில் உலகத்திலேயே மிக நீண்ட மின்கடத்துப் பாதைகளுள் ஒன்றாக அது அமைந்தது.

நீர்ச்சக்கரங்களை ஸ்விட்சர்லாந்து தேசத்து எஷர் வைஸ் கம்பெனியாரும், மின் இயந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியாரும் அளித்தனர். ஒவ்வொன்றும் 720 கிலோவாட் ஆற்றலுள்ள ஆறு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. 1902-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி தங்கவயலுக்கு மின்சாரம் பாய்ந்தது. அதைக் கண்டு மகிழ சேஷாத்திரி ஐயர் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு கிடைத்தது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905-ம் ஆண்டு ஆகஸ்டில். இன்று தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வேலை தேடிச் செல்லும் பெருநகரம், அன்று மின்சாரத்துக்குத் தங்கவயலின் பின்னால் நின்றது.

இனி விலைக்கு வருவோம். சமஸ்தானத்துக்கும் சுரங்கக் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில், ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் அது மிகுதி. அடுத்து வந்த ஆண்டுகளில் குறைவு. பின்னர் இன்னும் குறைவு. முதலில் கூடிய விலை வாங்கியதால் சமஸ்தானத்துக்குப் போட்ட முதல் விரைவில் திரும்பிற்று. பின்னர் விலை குறைந்ததால் கம்பெனிகளுக்கு நீராவியை முற்றிலும் கைவிட ஊக்கம் ஏற்பட்டது. நிலையான பெரிய வாடிக்கை ஒன்று முன்னரே உறுதியாயிருந்தமையால்தான் 92 மைல் கம்பி இழுக்கும் துணிவு ஓர் அரசாங்கத்துக்கு வந்தது. சலுகை விலை நன்மையாக அமைவது இப்படித்தான். கொடுப்பவருக்கு ஒரு நோக்கமும், வாங்குபவருக்கு ஒரு தேவையும், இரண்டுக்கும் எழுத்தில் ஒரு கால எல்லையும் இருக்கவேண்டும்.

ஆனால் அந்த உடன்படிக்கையில் கையொப்பமிடாத மூன்றாம் தரப்பு ஒன்று இருந்தது. மின்சாரம் கேட்கப்பட்டது இயந்திரத்துக்காக. தட்டி வீடுகளில் வாழ்ந்தோருக்காக அன்று. கம்பம் நடப்பட்ட தெருவில் எல்லாம் விளக்கு எரிந்துவிடவில்லை. சுரங்கத் தொழிலாளி பூமிக்குள் இறங்கியது மின்சாரக் கூண்டில். வேலைக்குப் போனதும் திரும்பியதும் கால்நடையாக. சங்கு ஊதினால் புறப்படவேண்டும், அடுத்த சங்குக்குத் திரும்பவேண்டும் என்பதே அவனுடைய போக்குவரத்துச் சாஸ்திரம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் கண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அஃது ஒன்றாயிருந்தது. அண்டவெளிக் கதிர்கள் தாக்காத அந்த ஆழத்தில்தான், 1965-ம் ஆண்டில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயம் கண்டறியப்பட்டது. விஞ்ஞான உலகம் அறிந்த அந்த ஊரின் தெருக்களில், நடையே வாகனமாக இருந்தது.

சலுகை விலைக்கு மறுபுறம் ஒன்று உண்டு. அதையும் தங்கவயல் அனுபவித்தது. சுரங்கங்களை 1956-ல் மைசூர் அரசாங்கம் ஏற்றது. 1962-ல் மத்திய அரசாங்கம் ஏற்றது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இக்காலத்தில் நெடுநாள் வரை தங்கவயலின் தங்கம் சர்வதேச நிதி அமைப்பு வகுத்த விலைக்கே அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வெளிச்சந்தையிலோ தங்கத்தின் விலை அதற்கு வெகு மேலே நின்றது. கணக்கேட்டில் சுரங்கம் நஷ்டம் காட்டிற்று. அந்த நஷ்டத்தில் ஒரு பகுதி, தங்கத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்ததால் வந்தது. ஒருவர் பெறும் தள்ளுபடி மற்றொருவரின் ஏட்டில் நஷ்டமாகப் பதிவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? தாது மெலிந்தது, ஆழம் மிகுந்தது என்னும் காரணங்களும் சேர, 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த வயல், சயனைடு மேடுகளையும் ஓய்ந்துபோன கூண்டுக் கோபுரங்களையும் தன் மக்களுக்கு விட்டுவைத்தது.

அன்றிலிருந்து சாம்பியன் ரீப்ஸ் மக்களின் வாழ்க்கை, போக்குவரத்தைச் சார்ந்த வாழ்க்கையாயிற்று. பாட்டன் காலத்தில் வேலை வீட்டின் அடியில் இருந்தது. பேரன் காலத்தில் அது நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போய், இருட்டிய பின் திரும்புவோர் பலர். ராபர்ட்சன்பேட்டைக் கடைகளுக்கும், 1964-ல் ஏற்பட்ட பெமல் தொழிற்சாலைப் பக்கத்துக்கும், பங்காரப்பேட்டைச் சந்திப்புக்கும் போவோர் பலர். ரயில் நிலையம் வரையிலும், நிலையத்திலிருந்தும் செல்லும் சிறு தொலைவுக்கே ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. சாம்பியன் ரீப்ஸைப் போன்றே, டெல்லியிலும் பம்பாயிலும் சூரத்திலும் வாழும் தமிழர்களுக்கும் வாடகை குறைந்த இடம் ஊரின் ஓரத்தில், வேலையோ நடுவில். ஆகவே அவர்களுடைய கேள்வி நம் யாவருடைய கேள்வியும் ஆகிறது.

மின்சார வண்டி புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் உளர். அது பழையது. 1897-ம் ஆண்டிலேயே லண்டன் நகரில் மின்சார வாடகைக் கார்கள் ஓடின. பாட்டரியின் எடையும், சிறிது தூரத்தில் அது தீர்ந்துபோனதும், மலிந்துவந்த பெட்ரோலும் சேர்ந்து அவ்வகை வண்டிகளை ஒதுக்கிவிட்டன. நம் நாட்டில் மின்சார ஸ்கூட்டர் ஓரளவு பரவியது இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். அவற்றுட் பல, ஈயமும் அமிலமும் கொண்ட கனத்த பாட்டரிகளால் ஓடியவை.

2010-ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசாங்கத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் ஒரு மானியத்தை அறிவித்தது. குறைந்த வேக ஸ்கூட்டருக்கு 4,000 ரூபாய், வேகம் கூடியதற்கு 5,000 ரூபாய், தொழிற்சாலை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் என்பது அதன் விதி. விற்பனை ஏறிற்று. 2012 மார்ச் மாதத்தோடு மானியம் நின்றது. விற்பனை சரிந்தது, பல சிறு நிறுவனங்கள் கடையைக் கட்டின. அவர்களிடம் வண்டி வாங்கியவர்களுக்குச் சலுகை விலை வந்து சேர்ந்தது. உதிரிப்பாகம் வந்து சேரவில்லை. வண்டியின் வாழ்நாள் மானியத்தின் வாழ்நாளைவிட நீண்டது என்பதை வாங்கியவரும் விற்றவரும் மறந்ததன் பலன் அது.

பின்னர் நிலைமையை மாற்றியது லித்தியம் பாட்டரி. 1991-ல் ஜப்பானில் சோனி கம்பெனியார் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 2019-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, இந்தப் பாட்டரிக்கு வழிகோலிய குட்இனப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் அளிக்கப்பட்டது. முதுமையுற்றிருந்த குட்இனப்பின் சார்பில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம் என்னும் தமிழர். தென் தமிழகத்தில் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரையிலும் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் அவர். 1980-களில் அவரும் குட்இனப்பும் செய்த ஆய்வு, இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பாட்டரி பிறப்பதற்கு வழிகாட்டியது. வெப்பத்தை ஓரளவு நன்கு தாங்கும் அவ்வகைப் பாட்டரி இன்று பல வாகனங்களில் இடம்பெறுகிறது. சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டோர் சுரங்கத்துக்கு மட்டும் போகவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் போயினர் என்பதற்கு இஃது ஓர் அடையாளம்.

மத்திய அரசாங்கத்தின் 'ஃபேம்' என்னும் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2019 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்சார வாகனங்களுக்குரிய சரக்கு சேவை வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. மானியம் பாட்டரியின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்பட்டது. தொழிற்சாலை விலை 1,20,000 ரூபாயும், பாட்டரி மூன்று கிலோவாட்-மணியும் உள்ள ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூனில் கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாய், விலையில் 40 சதவிகிதம் வரை என்று விதி உயர்ந்தபோது, அதற்கு 45,000 ரூபாய் கிடைத்தது. 2023 ஜூனில் கிலோவாட்-மணிக்கு 10,000 ரூபாய், 15 சதவிகிதம் வரை என்று குறைந்தபோது அது 18,000 ரூபாயாயிற்று. 2024 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 10,000 ரூபாய். அவ்வாண்டு அக்டோபரில் வந்த 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்திலும் முதலில் அதே வரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். இருசக்கர வண்டிகளுக்கான இந்த உதவிக்கு 2026 மார்ச் 31 எல்லையென 2025-ம் ஆண்டுத் திருத்தம் குறித்தது. இதற்கிடையில், 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் வண்டிகளின் வரி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது.

45,000, 18,000, 10,000, 5,000. இவ்வெண்களைச் சிவசமுத்திர உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே முதலில் விலை கூடுதல், பின்னர் குறைவு. காத்திருந்தவர் நன்மை பெற்றார். இங்கே முதலில் சலுகை கூடுதல், பின்னர் குறைவு. முந்தியவர் நன்மை பெற்றார். தொழில் தன் காலில் நிற்கும்வரை தாங்குவதே இத்தகைய உதவியின் கருத்து ஆதலால், அது படிப்படியாகக் குறைவதில் வியப்பில்லை. ஆனால் முந்தியவர் எல்லாரும் நன்மை மட்டும் பெறவில்லை என்பதும் சரித்திரம். தொழிற்சாலை விலை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டால் மானியம் இல்லை என்னும் விதி இருந்தபடியால், மின்னூட்டும் கருவியைத் தனிப் பொருளாக விற்று விலையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. அரசாங்கம் விசாரித்ததன் பேரில், 2023-ல் சில பெரிய நிறுவனங்கள் அத்தொகையை வாங்கியோருக்குத் திருப்பிக் கொடுக்க இசைந்தன. உள்நாட்டு உதிரிப்பாகங்கள் பற்றிய நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று வேறு சில நிறுவனங்களின் மானியம் நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் தங்கவயல் மக்கள் மனம் நெகிழக்கூடிய ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். இன்று மின்சார ஸ்கூட்டர்கள் எங்கே செய்யப்படுகின்றன? சென்னைத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 2013-ல் தொடங்கிய ஏதர் நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூரில். டி.வி.எஸ். கம்பெனியின் தொழிற்சாலையும் ஓசூரில். ஓலா நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில். 2008-ல் கோயமுத்தூரில் தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் 2021-ல் திறந்த தொழிற்சாலை ராணிப்பேட்டையில். ஓசூரும் போச்சம்பள்ளியும் பழைய சேலம் மாவட்டத்தின் பகுதிகள். ராணிப்பேட்டை பழைய வடஆர்க்காட்டின் பகுதி. பிழைப்பில்லை என்று எந்த மண்ணை விட்டுப் பாட்டன் தங்கவயலுக்கு நடந்தானோ, அதே மண்ணிலிருந்து பேரனுக்கு வண்டி வருகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சாம்பியன் ரீப்ஸிலிருந்து பங்காரப்பேட்டைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். போக வர 30. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இதற்கு 17 லிட்டர் அளவு வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றே கொண்டாலும் மாதம் 1,700 ரூபாய் ஆகும். மின்சார ஸ்கூட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓட, மின்னூட்டத்தில் வீணாவதையும் சேர்த்து, 1.2 யூனிட் போதும். மாதத்துக்கு 30 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 180 ரூபாய். மாதம் மிச்சம் 1,500 ரூபாயை ஒட்டியது, ஆண்டுக்கு 18,000. இவருக்கு மானியம் 10,000-லிருந்து 5,000 ஆனதால் வந்த நஷ்டம் மூன்றரை மாத மிச்சத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே தேதி முடிகிறதே என்று பதறித் தரமற்ற வண்டியை வாங்குவது இவருக்குப் பொருந்தாது.

மற்றொருவர் வீட்டிலிருந்து சாம்பியன் ரயில் நிலையம் வரை மட்டும் போகிறார். நாளுக்கு 5 கிலோமீட்டர் என்போம். அவருக்கு மாதம் மிச்சமாவது 250 ரூபாய் அளவே, ஆண்டுக்கு 3,000. பாட்டரியோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டிருக்கும். அவர் புதிய வண்டிக்குக் கடன்பட்டால், மிச்சமாகும் பெட்ரோல் காசு வட்டிக்கே போதாது. நல்ல மிதிவண்டி அவருக்கு மிகுந்த லாபம்.

கர்நாடகத்தில் 2023-ம் ஆண்டில் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தின்படி, வீட்டு மின்சாரம் மாதம் 200 யூனிட் வரை, முந்திய சராசரியை ஒட்டிய அளவுக்கு, கட்டணமின்றிக் கிடைக்கிறது. 200-க்கு மேற்பட்டால் முழுக் கட்டணம் செலுத்தவேண்டும். வண்டிக்கென்று சேரும் 30 யூனிட், 190 செலவாகும் வீட்டை 220-க்குக் கொண்டுபோய்விடும். இப்படி ஒரு சலுகை மற்றொரு சலுகையைத் தின்றுவிடக்கூடும். ஆதலால் வண்டியின் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னர் வீட்டு மின்சாரச் சீட்டைப் பார்க்கவேண்டும்.

பாதுகாப்பையும் கருதவேண்டும். 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் வீட்டருகே மின்னூட்டத்தில் இருந்த வண்டி தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து உயிரிழந்தனர். நாட்டின் பிற இடங்களிலும் அவ்வாண்டு இத்தகைய தீ விபத்துக்கள் நேர்ந்தன. அதன் பின்னர், பாட்டரிக்குரிய சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. கிடங்கில் தங்கிய பழைய இருப்பைப் பெருந் தள்ளுபடியில் கொடுக்கும்போது, அது எந்த மாதம் செய்யப்பட்டது, புதிய விதிக்கு உட்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. பழைய வரிசை வீடுகளில் கம்பிகளும் பழையவை. நிலக்கம்பி இணைப்புச் செவ்வையாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்ப்பிக்காமல், படுக்கும் அறையிலோ வாயிற்படியை மறித்தோ மின்னூட்டுவது தகாது. வாங்கும் வண்டியைப் பழுதுபார்க்கும் நிலையம் தங்கவயலிலோ கோலாரிலோ உண்டா, பெங்களூருக்கே கொண்டுபோகவேண்டுமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. பாட்டரிக்கான உத்தரவாதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மூன்றாண்டு முதல் எட்டாண்டு வரை வேறுபடுகிறது. விளம்பரத்தில் குறைத்த தொகை விலைப்பட்டியலிலும் தனி வரியாகக் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடவேண்டும்.

சிவசமுத்திரத்தின் முதல் ஆறு இயந்திரங்களின் மொத்த ஆற்றல் 4,320 கிலோவாட். இன்றைய ஸ்கூட்டர் ஒன்றின் மோட்டார் 4 கிலோவாட் என்று கொண்டால், அந்தப் பேராற்றல் முழுவதும் ஆயிரத்துச் சொச்சம் ஸ்கூட்டர்களின் ஆற்றலுக்குச் சமம். 1902-ல் ஒரு சமஸ்தானமும் பெருங் கம்பெனிகளும் கூடி வாங்கிய பொருளின் சிறு பங்கு, இன்று சுரங்கத் தொழிலாளியின் பேரன் வீட்டு வாசலில் நிற்கிறது. அன்று விலை பேசும் மேசையில் அவனுடைய பாட்டனுக்கு இடமில்லை. இன்று வாங்குபவனாக அவனுக்கு இடமிருக்கிறது. அந்த இடத்தில் அமர்ந்து, கம்பெனியார் அன்று கேட்ட அதே கேள்விகளை அவன் கேட்கவேண்டும். எவ்வளவு காலத்துக்கு இந்த விலை? பழுதானால் யார் பொறுப்பு? நம் தேவைக்கு இஃது எவ்வளவு பொருந்தும்? விடைகள் எழுத்தில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால், தள்ளுபடி எவ்வளவு பெரியதாயினும், அந்த வண்டியையே தள்ளுபடி செய்துவிடலாம்.